இழைத்த பலகை சமதளமா?

மில்லில் இழைத்து வாங்கிய புதுப் பலகை ஒன்றை வாசல் வெளிச்சத்துக்கு எதிரே, கண்மட்டத்தில் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது வழவழவென்று தெரிந்த அதே பலகையில், குறுக்குவாட்டில் வரிவரியாக, இடைவெளி மாறாமல் அலைகள் ஓடும். வார்னிஷ் அடித்த பிறகு இவை இன்னும் எடுப்பாகத் தெரியும். அதற்காக ஆசாரியிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. கத்தி நேரானது, பலகை கிடக்கும் மேசையும் நேரானது. பிறகு அலை எங்கிருந்து வந்தது?

ராயக்கோட்டையை வெளியூர்க்காரர்கள் தக்காளிச் சந்தையால் அறிவார்கள். ஓசூர்–தருமபுரி சாலையில், கோட்டை மலையின் அடிவாரத்து ஊர். சுற்றிலும் மாந்தோப்பு, புளி, வேம்பு, யூகலிப்டஸ். பக்கத்தில் இருக்கும் ஓசூரின் தொழிற்பேட்டைகளில் மைக்ரான் கணக்கில் இரும்பைக் கடைகிறார்கள். இந்தப் பக்கத்துச் சிறு மரமில் ஒன்றுக்கு, பழைய இரும்பு விலைக்கு நூறாண்டு வயதுள்ள பிளேனர், அதாவது மரம் இழைக்கும் எந்திரம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பு உடல், தட்டை பெல்ட் ஓடும் புல்லி, பெயர்ப்பலகை தேய்ந்துபோன ஏதோ ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பு. துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தால் பார்க்க அழகாகிவிடும். ஆனால் அது மறுபடி நல்ல பலகை தருமா என்பது, கண்ணால் பார்க்க முடியாத இரண்டு சின்னத் தடிமன்களைப் பொறுத்தது. ஒன்று பலகையின் மேல் இருக்கிறது. மற்றொன்று எந்திரத்தின் உள்ளே.

முதலில் பலகை. கையால் தள்ளும் இழைப்புளியில் கத்தி நேர்க்கோட்டில் போகிறது. சுருள் நீளமாகக் கழன்று வருகிறது. எந்திரத்தில் அப்படியில்லை. கனமான எஃகுத் தண்டு ஒன்றில் இரண்டோ மூன்றோ கத்திகளைப் பூட்டிச் சுழல விடுகிறார்கள். மில்லில் இதற்குக் கட்டர் பிளாக் என்று பெயர். தமிழில் வெட்டுருளை எனலாம். சுழலும் கத்தியின் முனை வட்டப்பாதையில் போகிறது. ஒவ்வொரு முறை பலகையைத் தொடும்போதும் ஆழமில்லாத ஒரு குழியைச் சீவி எடுத்துவிட்டு மேலேறிப் போய்விடுகிறது. அடுத்த கத்தி வருவதற்குள் பலகை கொஞ்சம் நகர்ந்திருக்கும். அங்கே இன்னொரு குழி. இரண்டு குழிகளுக்கு நடுவே மிஞ்சும் மேடுதான் நாம் பார்த்த வரி. ஆகவே எந்திரத்தில் இழைத்த எந்தப் பலகையும் சமதளம் இல்லை. அலைகளைக் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத அளவுக்குச் சிறிதாக்கலாம், அவ்வளவுதான்.

எவ்வளவு சிறிது? வெட்டுருளை நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது, அதில் இரண்டு கத்தி என்றால் நிமிடத்துக்கு 6,000 வெட்டு. பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர், அதாவது 6,000 மில்லிமீட்டர் நகர்ந்தால், வெட்டுக்கு வெட்டு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. கத்தி முனை சுழலும் வட்டத்தின் விட்டம் 125 மில்லிமீட்டர், சுமார் ஐந்து அங்குலம் என்றால், மேட்டின் உயரம் 2 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70, 80 மைக்ரான்.

இவ்வளவு சிறிய மேட்டைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று தோன்றும். விரல் கவலைப்படும். 2013இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வாளர்கள் சிலர், சுருக்கங்களின் அளவு மட்டும் வேறுபடும் மேற்பரப்புகளைச் செய்து, தன்னார்வலர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சுமார் 13 நானோமீட்டர் உயரமுள்ள சுருக்கத்தைக்கூட மனித விரல் வெறும் பரப்பிலிருந்து பிரித்தறிந்தது. நம் கணக்கில் வந்த 2 மைக்ரான் அதைவிட நூற்றைம்பது மடங்கு பெரிது. பலகையைக் கண்ணால் பார்க்காமல் உள்ளங்கையால் தடவி விலை சொல்லும் மர வியாபாரி ஒன்றும் ஜம்பம் அடிக்கவில்லை.

இனிதான் சிக்கல். இரண்டு கத்தியும் மிகச்சரியாக ஒரே உயரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்குப் பலிக்கும். ஒன்று சற்று உள்ளே தங்கிவிட்டால் என்ன ஆகும்? நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி மட்டும் தனியாக வேலை செய்தால் வரிகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர் ஆகும். இடைவெளி இரு மடங்கானால் மேட்டின் உயரம் நான்கு மடங்காகும். அதாவது 8 மைக்ரான். உள்ளே தங்கிய கத்தி அந்த மேட்டின் உச்சியைத் தொட்டுச் சீவ வேண்டும். அது 8 மைக்ரானுக்கு மேல் பின்தங்கியிருந்தால் மேட்டை எட்டவே எட்டாது. அதன் தடமே பலகையில் இருக்காது. முடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு பின்தங்கினாலே போதும், ஒரு கத்தி வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் புழங்கும் டயல் கேஜின் ஒரு கோடே 10 மைக்ரான். கையால் கத்தி கட்டும் எவரும் 8 மைக்ரானுக்குள் நிறுத்திவிடுவது அரிது. நம் ஊர் மில்களில் ஓடும் இரண்டு கத்தி பிளேனர்கள் பெரும்பாலும் ஒற்றைக் கத்தியால்தான் பலகையை முடிக்கின்றன என்று சொன்னால் மில்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

இதை நம்ப வேண்டியதில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். பலகையைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டிப் பிடித்து, 25 மில்லிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். மேலே சொன்ன வேகத்தில் 25 வரி இருந்தால் இரண்டு கத்தியும் உழைக்கின்றன. 12, 13 என்று வந்தால் ஒன்று சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறது. எந்திரத்தைத் திறக்காமலே அதன் நோயைச் சொல்லும் சோதனை இது. வாங்குவதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொல்லி, வந்த பலகையில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

கத்திகளை எடை போடுவதும் இதோடு சேர்ந்த வேலை. ஒரு கத்தி மற்றதைவிட 5 கிராம் கூடுதல் என்றால் தராசில் அது ஒன்றுமில்லை. ஆனால் சுழலும் பொருளின் வெளித்தள்ளல், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். தண்டின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, 3,000 சுற்றில், அந்த 5 கிராம் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான விசையோடு தண்டை வெளிப்பக்கம் இழுக்கும். அதுவும் வினாடிக்கு ஐம்பது முறை திசை மாறி மாறி. கத்திகளைச் சாணை பிடித்தபின் நகைக்கடைத் தராசில் வைத்துச் சமன் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது எந்திரத்தின் உள்ளே போவோம். பழைய பிளேனரில் வெட்டுருளையின் இரண்டு பக்கத்திலும் பேரிங் இருக்கும் இடத்தில் மூடியைக் கழற்றினால், இன்று பழகிய குண்டு பேரிங் இருக்காது. வார்ப்பிரும்புக் குழிக்குள் சாம்பல் வெள்ளையான ஓர் உலோகம் ஊற்றி நிரப்பப்பட்டிருக்கும். தண்டு நேரடியாக அதன் மேலேயே படுத்திருக்கும். பட்டறைக்காரர்கள் ஒயிட் மெட்டல் என்பார்கள். பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மிருது. உற்றுப் பார்த்தால் அதில் ஒன்றிரண்டு மணல் துகள்கள் புதைந்திருப்பதும் தெரியும். இரண்டு ஓரத்திலும், மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே, காகிதம் போன்ற பித்தளைத் தகடுகள் சில அடுக்கியிருக்கும். இவற்றுக்கு ஷிம் என்று பெயர். தேயத் தேய ஒவ்வொன்றாக உருவி எடுத்து இடைவெளியைச் சரிசெய்வதற்காக.

கெட்டியான எஃகுத் தண்டு, கத்தி பட்டால் கீறல் விழும் உலோகத்தின் மேல் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுகிறது. ஒரே நாளில் அரைத்துத் தின்றிருக்க வேண்டாமா? பத்துப் பதினைந்து ஆண்டுகள் எப்படித் தாங்குகிறது? இன்னொன்று: 50 மில்லிமீட்டர் தண்டுக்கு இந்த பேரிங்கில் விடும் இடைவெளி சுமார் 50 மைக்ரான். தண்டு 50 மைக்ரான் ஆட இடமிருக்கும்போது பலகையில் 2 மைக்ரான் அலை எப்படி வரும்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றுதான். அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் பொசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ரயில் அச்சுகளின் உராய்வை அளக்க லண்டன் இயந்திரப் பொறியாளர் கழகம் அவரை அமர்த்தியது. அவர் 1883இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கதை வருகிறது. சுழலும் தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் முங்கியிருந்தது. மேலே பாரம் ஏற்றிய பேரிங் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எந்திரத்தை ஓட்டியதும் துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மர முளை அடித்தார். அதுவும் மெல்ல வெளியேறியது. கடைசியில் அழுத்தமானியைப் பூட்டினார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டி அளவுகோலின் எல்லைக்கே போய்விட்டது. பேரிங்கின் மேல் அவர் ஏற்றிய பாரமோ சராசரியாக 100 பவுண்டுதான். தண்டு உலோகத்தைத் தொடவே இல்லை, எண்ணெய்ப் படலம் ஒன்று பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

எண்ணெய்க்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்பதை 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் விளக்கினார். தண்டு குழியின் நடுவில் இராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கிறது. எண்ணெய் தண்டோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. அகலத்திலிருந்து குறுகலுக்குள் இழுத்துச் செல்லப்படுகிறது. போக இடமில்லாமல் நெருக்குண்டு ஆப்பாக மாறித் தண்டைத் தூக்குகிறது. மழை நாளில் ஓசூர் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் கார், தேங்கிய நீரில் பிடிப்பிழந்து வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் ஆப்பாக நுழைந்து வண்டியையே தரையிலிருந்து விலக்கிவிடுகிறது. சாலையில் உயிரை வாங்கும் அதே காரியம்தான் பேரிங்கில் தண்டைக் காப்பாற்றுகிறது. இதற்கு எண்ணெய்ப்படல உயவு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இதனால் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைக்கிறது. இடைவெளி 50 மைக்ரான் இருந்தாலும், வேகம் மாறாமல் சமனாகச் சுற்றும் தண்டு எண்ணெயின் மேல் ஒரே இடத்தில் நிலைகொண்டுவிடுகிறது. இடம் இருக்கிறது என்பதற்காக அலைவதில்லை. கத்திகளின் எடை சமமில்லாமல் தண்டு உதறினால்தான் அந்த நிலை குலைகிறது. அடுத்து, தண்டும் உலோகமும் உரசிக்கொள்வது எந்திரம் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டுமே. மில்லில் நாளெல்லாம் ஓடும் எந்திரத்தைவிட, நாளுக்கு நாற்பது முறை நிறுத்தி நிறுத்திப் போடும் எந்திரத்தில் பேரிங் சீக்கிரம் தேயும்.

மீட்டெடுப்பவர்கள் அடிக்கடி கெடுக்கும் இடமும் இதுதான். எண்ணெய் நன்றாகப் பரவட்டும் என்ற நல்லெண்ணத்தில் பேரிங் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். பாரம் தாங்கும் பக்கத்தில் வாய்க்கால் வெட்டினால், டவர் போட்ட துளையைப் போலவே அது அழுத்தத்தை வெளியே விட்டுவிடும். படலம் அறுந்து தண்டு உலோகத்தில் உட்கார்ந்துவிடும். பெல்ட் எந்தப் பக்கம் தண்டை இழுக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில்தான் எண்ணெய் வழியை வைக்க வேண்டும்.

சரி, பாரத்தை எண்ணெயே தாங்குகிறது என்றால் மிருதுவான உலோகம் எதற்கு? வெண்கலமோ இரும்போ போடலாமே? 1839இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஐசக் பாபிட் காப்புரிமை வாங்கிய பேரிங் அமைப்பில் இடம்பெற்றது இந்தக் கலவை. நூற்றுக்கு 89 பங்கு வெள்ளீயம், மீதி ஆன்டிமனியும் செம்பும் என்பது அவர் பெயரால் வழங்கும் பழைய விகிதம். நுண்ணோக்கியில் பார்த்தால் மிருதுவான வெள்ளீயத்துக்குள் கெட்டியான சின்னஞ்சிறு படிகங்கள் சிதறிக் கிடப்பது தெரியும். படிகங்கள் பாரத்தைத் தாங்கும், சுற்றியுள்ள மிருதுப் பகுதி விட்டுக்கொடுக்கும். மரமில்லின் காற்றில் மரத்தூள் மட்டும் இல்லை. கட்டையோடு வந்த மண்ணும் மணலும் உண்டு. எண்ணெயோடு உள்ளே போகும் மணல், கெட்டியான பேரிங்காக இருந்தால் நடுவில் உருண்டு தண்டைக் கீறிவிடும். இங்கே அது மிருதுவான உலோகத்தில் புதைந்து அடங்கிவிடுகிறது. நாம் பார்த்த அந்த மணல் துகள்கள் அப்படிப் புதைந்தவை. எண்ணெய் தீர்ந்து சூடேறினாலும், 240 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இந்த உலோகம் உருகத் தொடங்கிவிடும். எஃகுத் தண்டுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விலை உயர்ந்த தண்டுக்காகத் தான் அழிந்துபோகும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டது.

அழிந்ததை மறுபடி ஊற்றிக்கொள்ளலாம் என்பதுதான் சிறு மில்லுக்கு இதில் உள்ள வசதி. பழைய உலோகத்தைச் சூடாக்கி வெளியேற்றி, தண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியச் செய்து (ஒட்டாமல் இருக்க), மட்டம் பார்த்துக் குழியில் நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். உலோகம் பதமாகிவிட்டதா என்று பார்க்கப் பழைய ஆட்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒரு பைன் மரக் குச்சி. அதை உருகிய உலோகத்தில் விட்டால் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. வார்ப்பிரும்புக் குழியை முன்கூட்டியே சூடேற்றாமல் ஊற்றவே கூடாது. ஒரு துளி ஈரம் இருந்தாலும் நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கவிடும். பழைய எந்திரங்களில் வெள்ளீயத்துக்குப் பதில் காரீயக் கலவையும் ஊற்றியிருப்பார்கள். அதன் புகையும் தூளும் நஞ்சு. திறந்த வெளியில், முகக்கவசத்தோடு செய்ய வேண்டிய வேலை.

ஊற்றி முடித்ததும் தண்டில் நீல மசியை மெல்லப் பூசி, பேரிங்கில் வைத்துச் சுற்றி எடுத்தால், நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. அதைச் சுரண்டியால் சுரண்டி, மறுபடி மசி பூசி, மறுபடி சுரண்டி, நீலம் பரப்பு முழுதும் புள்ளி புள்ளியாகப் பரவும்வரை செய்வார்கள். இடைவெளியை அளக்க ஒரு மிருதுவான ஈயக் கம்பித் துண்டைத் தண்டுக்கும் மூடிக்கும் நடுவில் வைத்து போல்ட்டை முறுக்கி, பிறகு திறந்து, நசுங்கிய கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்தால் போதும்.

பல பட்டறைகளில் ஒயிட் மெட்டலைப் பார்த்ததும் முதலில் சொல்லும் யோசனை, குழியைக் கடைந்துவிட்டு பால் பேரிங் போட்டுவிடலாம் என்பதுதான். 1907இல் ஸ்வீடனில் தானே சாய்ந்து பொருந்தும் குண்டு பேரிங் வந்தபின் உலகமே அந்தப் பக்கம் போனது உண்மைதான். அதிக வேகத்துக்கு அதுவே சரி. ஆனால் நூறாண்டு வார்ப்பை ஒருமுறை கடைந்துவிட்டால் திரும்ப வழியில்லை. இரண்டு பக்கக் குழியும் ஒரே கோட்டில் வராமல் போனால் எந்திரமே பாழ். மேலும் பால் பேரிங் போட்டவுடன் வேகத்தைக் கூட்டத் தோன்றும். வேகம் இரு மடங்கானால் கத்தியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் மேல் விசை நான்கு மடங்கு. 1,440 சுற்று மோட்டாரில் புல்லியை ஒன்றுக்கு இரண்டாக வைத்து, 2,900 அளவில் நிறுத்திக்கொள்வதே இந்த வயது எந்திரத்துக்கு மரியாதை. பழைய போல்ட்டுகளை மட்டும் ஒன்றுவிடாமல் மாற்றிவிட வேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேம்பு போன்ற மரத்தில் சில இடங்களில் பலகை பிய்ந்து வரும். 1958இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஃபிரான்ஸ், மரத்தை மெல்ல வெட்டும்போது சுருள் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். அவற்றில் ஒன்றில், கத்தி வெட்டுவதற்கு முன்பே மரம் நார் வழியே பிளந்து ஓடிவிடுகிறது. ரேகை கீழ்நோக்கி இறங்கும் பக்கம் கத்தி போனால் பிளவும் பலகைக்குள் இறங்கும், அதுதான் பிய்தல். வேம்பில் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறிப் பின்னியிருப்பதால் எந்தப் பக்கம் விட்டாலும் எங்கோ ஓரிடத்தில் எதிர்த்திசைதான். மெல்லிசாகச் சீவுவதும், பலகை நகரும் வேகத்தைக் குறைப்பதும், கத்தியைக் கூராக வைத்திருப்பதும் தவிர வேறு மருந்து இல்லை. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் நம் மரங்களின் இந்தக் குணங்களை ஆராய்கிறது. ராயக்கோட்டைக்காரர் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம்.

மரம் இழைக்கும் எந்திரத்துக்கு 1791 நவம்பரில் இங்கிலாந்தில் சாமுவேல் பெந்தாம் காப்புரிமை வாங்கினார். தச்சு தெரியாத கைதிகளை வைத்து மரவேலை வாங்குவதுதான் சாமுவேலும் அவர் சகோதரரும் போட்ட திட்டம். கைக்குத் தெரியாத வேலையை எந்திரம் செய்யட்டும் என்று தொடங்கிய அந்த யோசனை, பிற்பாடு பல கைகளையே கொண்டுபோனது. அதற்குக் காரணம் வெட்டுருளையின் வடிவம்.

பழைய வெட்டுருளைகள் பலவும் சதுரம். நான்கு முகங்களில் கத்தியை வைத்து போல்ட்டால் இறுக்குவார்கள். சதுரம் சுற்ற இடம் வேண்டும் என்பதால் மேசையில் விடும் வாய் அகலமாகிறது. முகத்துக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே பள்ளம் விழுகிறது. கையால் பலகையைத் தள்ளி இழைக்கும் மேசை பிளேனரில் கை வழுக்கினால் விரல் அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டுவிடும், ஒரு விரலோடு நிற்காது. வெட்டுருளை உருண்டையாக இருந்தால் பள்ளம் நிரம்பிவிடுகிறது. கத்தி துளியே துருத்திக்கொண்டிருக்கும். காயம் படும், கை போகாது. உருளைகள் தாமே பலகையை இழுத்துச் செல்லும், கை உள்ளே போக வழியில்லாத திக்னசரில் சதுர வெட்டுருளை விரிசல் இல்லாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். கையால் தள்ளும் எந்திரத்தில் பழைமைக்காக அதை விட்டுவைக்கக் கூடாது. லேத்தில் புது உருண்டை வெட்டுருளை ஒன்றைக் கடைந்து வாங்கிய பிறகே மோட்டாருக்கு இணைப்புக் கொடுங்கள். உருண்டை வெட்டுருளை இல்லாத பிளேனரில் கையால் தள்ளி இழைக்கக் கூடாது என்று பிரிட்டனில் 1922இலேயே விதி போட்டுவிட்டார்கள்; நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளிலும் அதே நிபந்தனை இருக்கிறது.